ஈரப் பூவும் சோடியமும்

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஒன்பதாம் வகுப்பு போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டது யாரென்று எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டீர்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கிறவளைச் சுற்றி வட்டம் போட்டு, "மருந்துப் பை இங்கருக்காடி" என்று ஒருத்தி. "டேனரி மருந்தைப் பையில போட்டுக்கிட்டு வந்து ஸ்கூலயே கொளுத்தப் பாத்தாளே" என்று இன்னொருத்தி. சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது.

போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. அறுபது வயதாகிறது, பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறேனே, நான் என்ன ஜென்மம் என்று என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அது டேனரி மருந்து இல்லை. சோடியம். நம் பள்ளிக்கூட லேப் அலமாரியிலிருந்து அதை எடுத்தவள் நான். அவள் பையில் வைத்தவளும் நான். அவளுக்கு அது தெரியாது. நாலு வரியில் முடிந்துபோகிற சமாச்சாரம். இதைச் சொல்ல எனக்கு நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. நாலு வரியோடு நிறுத்தினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அவள் வீடு பேகம்பூரில். அவளுடைய அத்தா தோல் பதனிடுகிற டேனரியில், முடி நீங்கத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை பார்த்தார். மிஞ்சிப்போன ஆட்டுத்தோல் துண்டுகளை வைத்து மகளுக்கு அவரே ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தார். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். மூடியை மடித்துச் செருகினால் காற்றுப் புகாது. பேனா, சாக்பீஸ், கைக்குட்டை எல்லாம் அதற்குள்தான். அதில் தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை வாசனை வரும். நீங்கள் மூக்கைப் பொத்தினீர்கள். நானும் முதல் வாரம் பொத்தினேன். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்ததில் பழகிவிட்டது, அதற்கப்புறம் பிடித்தும் போய்விட்டது.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மல்லி போட்டிருந்தோம். அம்மா காலையில் ஒரு முழம் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழை இலைத் துண்டு வைத்துக் கொடுப்பார். டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுப்பேன். வகுப்பில் பூ வைக்கக் கூடாது என்று பெரிய டீச்சர் உத்தரவு. அதனால் பொட்டலத்தை அப்படியே தோல்பைக்குள் வைத்திருந்து, கடைசி மணி அடித்ததும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். தினமும் நடந்தது இது. தினமும் நடந்ததால்தான் அன்றைக்கு நான் அதை யோசிக்கவே இல்லை.

அந்த வருஷம் சயின்ஸ் டீச்சர் புதிதாக வந்திருந்தார். பாடப் புத்தகத்தில் ஆறு பக்கத்தில் முடிகிற அணுவை அவர் ஆனி, ஆடி இரண்டு மாசமும் தொடர்கதையாக நடத்தினார். கதையில் வந்த விஞ்ஞானிகளின் பெயர் நமக்கு வாயில் நுழையவில்லை. நாமே பெயர் வைத்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? அணு என்பது பிளக்க முடியாத குண்டு என்று சொன்னவர் குண்டுக்காரர். இல்லை, அதற்குள்ளே இன்னும் சின்னதாக எலக்ட்ரான் இருக்கிறது, தர்பூசணியில் விதை பதிந்த மாதிரி என்று சொன்னவர் தர்பூசணிக்காரர். அவரிடமே படித்த மாணவர் ஒருத்தர் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் துகள்களை ஏவிவிட்டுப் பார்த்தார். முக்கால்வாசிக்கு மேல் தகடே இல்லாத மாதிரி நேராகப் போய்விட்டன. ஏதோ ஒன்றிரண்டு மட்டும் முட்டிக்கொண்டு திரும்பி வந்தன. அப்படியானால் அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம், நடுவில் மட்டும் கனமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அவர் சொன்னார். அவர் தகட்டுக்காரர்.

அவள்தான் எழுந்து கேட்டாள். "டீச்சர், வாத்தியார் சொன்னதயே தப்புன்னுட்டாரே, அந்த வாத்தியார் அடிக்கலயா?"

நாம் எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். "அடிச்சா மட்டும் திரும்பி வந்த துகள் திரும்பாமப் போயிருமா? மத்தவங்களும் செஞ்சு பாத்தாங்க, அதேதான் வந்துச்சு."

தகட்டுக்காரர் சொன்னதிலும் ஓட்டை இருந்தது. சுற்றுகிற எலக்ட்ரான் சக்தியை இழந்துகொண்டே வந்து நடுவில் விழுந்துவிட வேண்டும், ஏன் விழவில்லை? அவரிடம் வேலை பார்த்த டென்மார்க் இளைஞர் ஒருத்தர், எலக்ட்ரானுக்கென்று குறிப்பிட்ட பாதைகள் உண்டு, அதில் இருக்கிற வரைக்கும் விழாது என்றார். பின்னால் வந்தவர்கள் பாதையும் கிடையாது, இந்த இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் சொல்ல முடியும், மேகம் மாதிரி என்றார்கள்.

அதற்கும் அவள் எழுந்தாள். "எல்லாரும் தப்புத்தப்பாத்தான சொல்லிருக்காக. அப்புறம் எதுக்கு டீச்சர் அவுக பேரயெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்றீக?"

டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு, "தான் பாத்தத அவங்க யாரும் மறைக்கல. தனக்குச் சாதகமா இல்லாதப்பவும் வெளிய சொன்னாங்க. அதுக்குத்தான்" என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதினேன்.

ஆடி கடைசியில் பிணைப்பு வந்தது. அணுவும் அணுவும் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்கிற பாடம். ஒரு காலத்தில் அணுவுக்குக் கொக்கி இருக்கிறது, மாட்டிக்கொள்கிறது என்று கூட நினைத்தார்களாம். அமெரிக்காவில் ஒரு ஆசிரியர் தன் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பதற்காகக் கரும்பலகையில் கனசதுரம் வரைந்து, எட்டு மூலையிலும் எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி வைத்தார். எட்டு நிறைந்தால் அணுவுக்கு நிம்மதி. நிறையாவிட்டால் ஒன்று கொடுக்கும், இல்லை வாங்கும், இல்லை இரண்டும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும். சோடியம் தன் வெளிச்சுற்றில் இருக்கிற ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது, சாப்பாட்டு உப்பு பிறக்கிறது.

அவள் மறுபடியும் கையைத் தூக்கினாள். "டீச்சர், ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப்போட்டா தோலு கெட்டுப்போகாம நிக்குதுல்ல. பட்டை தோலைப் பிடிச்சுக்கிறதும் இதே பிடிப்புத்தானா?"

"அது வேற, இது வேற. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நான் பின்னாளில் காலேஜ் போய், கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் தெரிந்தது. அதுவும் பிடிப்புத்தான். பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தை நூறு இடத்தில் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் தோல் அழுகுவதில்லை. பதினாலு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், அத்தாவின் குழியைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி அது. வகுப்பில் முதல் ரேங்க் நான்தான். ஆனால் மூளை யாருக்கு இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பொறாமைப்படவில்லை, அது ஒன்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற ஆறுதல்.

டீச்சர் உட்காரச் சொன்னது அவளுக்கு உறைக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கூட நடந்து வரும்போது அதையே பிடித்துத் தொங்கினாள். "கொடுக்குது கொடுக்குதுன்னு சொல்றாகளே, யாராச்சும் கண்ணால பாத்தாகளாடி? எனக்கு ஒரே ஒரு தடவ பாக்கணும்."

அந்த ஒரு தடவையை நான் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நோக்கம். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். கெட்டது பின்னால் வந்தது.

ஆவணியில் அறிவியல் கண்காட்சி. டிராயிங் ஹாலில் நம் வகுப்புக்கு மூலை மேசை. குண்டிலிருந்து மேகம் வரைக்கும் ஐந்து அட்டை. பேசப் போகிறவள் அவள். கல்வி அதிகாரி வருகிறார் என்று டீச்சர் பரபரப்பாக இருந்தார். வகுப்புத் தலைவி என்பதால் லேப் அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. காலையில் சோதனைக் குழாய் எடுக்கப் போனவள், சோடியம் போட்டு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும் திறந்தேன். இடுக்கியால் எடுத்து, மொச்சைக்கொட்டை அளவு ஒரு துண்டு வெட்டினேன். வெட்டிய இடம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. வடிதாளில் சுற்றிக்கொண்டேன். மத்தியானம் அவளைக் கொல்லைத் தொட்டிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் போட்டு, அது எலக்ட்ரானைக் கொடுத்துச் சீறிப் பற்றுவதைக் காட்டுவது என்று திட்டம்.

காற்றுப் படக்கூடாது என்று படித்திருந்தேன். என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடி சரியாக மூடாது. மேசை மேல் அவளுடைய தோல்பை இருந்தது. அவள் அட்டைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து, பூப்பொட்டலத்தை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் பண்ணி, உள்ளே வைத்து மூடினேன். ஈரத்துணி என் விரலில் பட்டது. பட்டும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் கிணற்றில் இருப்பது, குடத்தில் இருப்பது. பூச்சுற்றிய துணி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், அது பூ. சோடியத்தைத் தண்ணீர் அருகில் வைக்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள், பூவைத் தண்ணீர் என்று நினைக்கவில்லை.

அதிகாரி வாசலுக்கு வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அவள் முகம் துடைக்கக் கைக்குட்டை எடுப்பதற்காகப் பையைத் திறந்தாள். இழுத்ததில் ஈரத்துணி வடிதாள் மேல் அழுந்தியிருக்க வேண்டும், சீறுகிற சத்தம். மஞ்சளாகத் தீ. அவள் பையைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. அத்தா தைத்த பை எரிந்துவிடும் என்று வலது கையால் உள்ளே அமுக்கினாள்.

உங்களில் ஒருத்தர் செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தீர்கள். யாரென்று எழுத மாட்டேன், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, தீ என்றால் எல்லோரும் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அது கூடாது என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் நான். நாலடி தூரத்தில் நின்றேன். ஊற்றாதே என்று கத்த வாய் திறந்தது. கத்தினால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று வாய் மூடிக்கொண்டது. அவ்வளவு சின்ன நேரத்தில் இவ்வளவு யோசிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். நான் யோசித்தேன். படார் என்று வெடித்தது. தீயில் வெந்ததை விட அந்த வெடிப்பில் தெறித்ததுதான் அவள் கையைத் தின்றது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு பெரிய டீச்சர் அறையில் விசாரணை. டேனரி வீட்டுப் பிள்ளை, அங்கிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அவளுடைய அத்தாவுக்கு ஆள் போனது. சைக்கிளில் வந்தார். நகமெல்லாம் பழுப்பேறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார், முகம் இருண்டிருந்தது. மேசை மேல் கருகின பை கிடந்தது. அவர் அதன் அடியில் விரலை விட்டு, ஒட்டியிருந்த வெள்ளையை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். ஒரு ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பில் கை வைத்தவர். தேய்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததாக அவர் நினைத்தார்.

"வழுவழுங்குதுங்க. எங்க குழிச் சுண்ணாம்பு ஜாதிதான். நேத்து மூடி பிரிஞ்சிருச்சுன்னு பிள்ளை குடுத்துச்சு. குழிக்குப் பக்கத்துல உக்காந்துதான் தச்சேன். எம்மேலதாங்க தப்பு."

சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் மிஞ்சுவதும் வழுவழுவென்றுதான் இருக்கும், சுண்ணாம்பு மாதிரியே காரம். ஒரு விஞ்ஞானி செய்வதைத்தான் அவர் செய்தார். தொட்டுப் பார்த்தார், தெரிந்ததோடு ஒப்பிட்டார், தனக்கு எதிராகவே முடிவு சொன்னார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம், கதவோரம் வகுப்புத் தலைவியாக நின்றுகொண்டிருந்த என்னிடம் இருந்தது.

வெளியே வரும்போது என்னிடம் நின்றார். "நீ எம்மக கூட்டாளிதானம்மா. கூடவே இருந்தேல்ல. என்ன நடந்துச்சுன்னு பாத்தியாத்தா?"

"தெரியலங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சயின்ஸ் டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு அலமாரியைத் திறந்தார். சோடியம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புதிதாக வெட்டின முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாணவி கையில் சாவி கொடுத்தது வெளியே வந்தால் அவர் வேலை போய்விடும். பாட்டிலைப் பின்வரிசையில் வைத்துப் பூட்டினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றார். பார்த்ததை மறைக்காதவர்களின் கதையைச் சொன்ன அதே வாய். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவரை விட எனக்குத்தான் நன்றாக மறைக்க வந்தது.

அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. அத்தாவே நிறுத்திவிட்டார், மற்ற பிள்ளைகளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று. நான் ஒரு தடவை பேகம்பூர் வரைக்கும் போய், தெருமுனையில் திரும்பி வந்தேன். அப்புறம் பத்தாவது, காலேஜ், வேலை. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தினேன். குண்டுக்காரர், தர்பூசணிக்காரர், தகட்டுக்காரர் எல்லோரையும் வருஷா வருஷம் கரும்பலகைக்குக் கூட்டி வந்தேன். நல்லாசிரியர் என்று சால்வை கூடப் போர்த்தினார்கள்.

உங்கள் போட்டோ வந்த மூன்றாம் நாள் போய்விட்டேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் தையல் மெஷின் முன்னால் இருந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடி நின்றுவிட்டது, மிச்ச விரல்களை வைத்துத் துணியைத் தள்ளுகிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "ஏய், நீயாடி" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். டீ போட்டாள். நான் டீயைக் குடிக்காமல், இப்போது உங்களுக்கு எழுதினதை எல்லாம் சொன்னேன். செம்புத் தண்ணீரையும் விடவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னய விடுடி" என்றாள் கடைசியில். "கையி போச்சு, படிப்பு போச்சு, அழுது முடிச்சு எம்புட்டோ வருசமாச்சு. நீ அத்தாவுக்கு என்ன பண்ணிருக்கேன்னு தெரியுமா?"

மெஷின் மேல் கிடந்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அன்னையிலருந்து எங்க அத்தா என் கையத் தொடல. வேலை விட்டு வந்தா கொல்லையிலயே குளிச்சிட்டு, தள்ளி உக்காந்துதான் சாப்பிடுவாக. எனக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. கொண்டுபோயி மடியில வைக்கப் போனேன், எந்திருச்சிட்டாக. 'வேணாத்தா, இந்தக் கையில எது ஒட்டியிருக்கும்னு தெரியாது'ன்னு சொன்னாக. டேனரிய மூடி, வேலைக்குப் போறத நிறுத்தி நாலு வருசம் ஆனப்பறமும் அதயேதான் சொன்னாக. அந்தப் பிள்ளை அவுக காலைக் கட்டிக்கிட்டு நிக்கும். இவுக ரெண்டு கையவும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"அவுக மௌத்தாகி, அடக்கம் பண்ணிப் பன்னெண்டு வருசமாச்சு. ஒரு தடவ கூடப் பேத்தியத் தூக்கல. இப்ப வந்து எங்கிட்டச் சொல்ற" என்றாள். "நான் யார்ட்டடி போயிச் சொல்றது?"